போகிற பக்கம்

கப்பலூரில் எங்கள் ஷெட்டில்
கேஜுக்கு இரண்டு முனை.
ஒன்று போகிற பக்கம், ஒன்று போகாத பக்கம்.
புஷ்ஷின் துளைக்குள் முதல் முனை வழுக்கிப் போகணும்,
மறுமுனை வாசலிலேயே நிற்கணும்.
இரண்டும் நடந்தால் பச்சை டிரே.
இல்லையென்றால் சிவப்பு.
பதினோரு வருஷமாய் இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

புதன்கிழமை தனபாலன் சார் கூப்பிட்டார்.
"ரெஜினா, புனேக்குச் சாம்பிளை நீங்களே கொண்டு போங்க.
கையிலேயே இருக்கட்டும், எங்கேயும் போட்டுராதீங்க."
டிக்கெட்டைப் பார்த்தேன்.
போடுவதற்கு லக்கேஜே கிடையாது அதில்.
கையில் ஏழு கிலோ.
ஐம்பத்தைந்து, முப்பத்தைந்து, இருபத்தைந்து சென்டிமீட்டர்.
சென்னையில் மாறும் விமானம் வேறு கம்பெனி,
அங்கே ஆழத்தில் இரண்டு கம்மி.
இரண்டு டிராயிங் வந்தால்
சின்ன அளவுக்குத்தான் கடையணும்,
இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

டவுன் ஹால் ரோட்டில்
நைனார் பாய் ஊதா நிறப் பெட்டி ஒன்றை உருட்டிவிட்டார்.
"கேபின் சைஸுக்கா. இருபது இன்ச். எல்லா பிளைட்டுக்கும் போகும்."
அது பளிங்குத் தரையில்
தானாகவே கொஞ்ச தூரம் நடந்து காட்டியது.
கைப்பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தேன்.
சக்கரத்தின் அடியிலிருந்து கைப்பிடியின் உச்சிவரை
இருபத்திரண்டரை.
"சக்கரத்தை யாருக்கா அளப்பாங்க?"
"நான் அளப்பேன்."
அவர் முகம் சிவப்பு டிரேக்குப் போனது.

வெறும் பெட்டியே இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
சோறு வருமுன்னே
இலையைத் தின்று வயிறு நிறைந்த மாதிரி.
மேல் தட்டில், யாரும் கேட்காத சாம்பல் நிறத் துணிப்பை,
சக்கரமில்லை, பளபளப்பில்லை,
அமுக்கினால் அமுங்கும்.
எழுநூறு கிராம்.
அதைக் கேட்டேன்.
பாய் பாதி வருத்தத்தோடு தூசி தட்டினார்.

ஷெட் தராசில் வைத்தேன்,
போன மாதம் முத்திரை போட்ட தராசு, பொய் சொல்லாது.
பை எழுநூறு.
வெண்கல புஷ் எட்டு, மூன்று கிலோ இருநூறு.
ரிப்போர்ட் ஃபைல் நானூறு.
எனக்கென்று மிச்சம்
இரண்டு கிலோ எழுநூறு.

மூன்று நாளைக்கு நான் எவ்வளவு?
சுடிதார் இரண்டு, துண்டு, உள்துணி,
அம்மா கட்டித் தந்த முறுக்கில் பாதி.
ஜெபமாலை அறுபது கிராம், அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் கணக்கில் வராது.
வெர்னியரை மட்டும் எடுத்து வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
முனை கூர். பிடுங்கிக்கொள்வார்கள்.
அதை டேபிள் டிராயரில் பூட்டிவிட்டு
சாவியைக் கொண்டு வந்தேன்.

அவனியாபுரம் தாண்டி ஏர்போர்ட்.
கவுண்டருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கூண்டு,
அதில் அளவு எழுதியிருந்தது.
பார்த்ததும் எனக்குப் பழக்கப்பட்ட முகம்:
கேஜ்தான், கொஞ்சம் பெரிசு.
எனக்கு முன்னால் ஒருவர்
ஆட்டுக்குட்டி படுக்கிற அளவுக்கு ஒரு பெட்டியோடு நின்றார்.
கவுண்டர் பெண் சிரித்தாள், ஒரு சீட்டைக் கட்டினாள், விட்டுவிட்டாள்.
எனக்கும் அதே சிரிப்பு, அதே சீட்டு.
அளக்கவே இல்லை.

அளக்காமல் விடுவது ஊருக்குள் நல்ல மனசு.
என் டேபிளில் அது குற்றம்.

திரும்பி நடந்து போய்
நானே பையைக் கூண்டுக்குள் இறக்கினேன்.
போனது. ஒரு விரல் இடம் மிச்சம்.
பின்னால் ஒரு பையன் செல்போனில் படம் எடுத்தான்.
எடுக்கட்டும்.

எக்ஸ்ரேயில் எட்டு வட்டம் தெரிந்தது.
திறக்கச் சொன்னார்கள்.
"பம்ப் புஷ் சார்."
அந்த அதிகாரி ஒன்றை எடுத்துச்
சுண்டுவிரலில் மாட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
"இதுலே என்ன செக் பண்ணுவீங்க?"
சொல்ல ஆரம்பித்தேன்,
பின்னால் வரிசை முனகியது.

மேலே பரண் நிறைந்துவிட்டதாம்.
ஆட்டுக்குட்டிப் பெட்டி அங்கே குறுக்கே படுத்திருந்தது.
என் பையை முன்சீட்டுக்கு அடியில் தள்ளினேன்,
கச்சிதம்.
அதற்குப் பிறகுதான் தெரிந்தது
காலுக்கு இடமில்லை என்று.
அதற்கான அளவை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.
ஜன்னலில் திருப்பரங்குன்றம் சாய்ந்து போனது,
நான் முழங்காலை மடக்கி
மூன்று கிலோ இருநூறின் மேல்
பாதத்தை மெதுவாக வைத்துக்கொண்டேன்.